பீரோ மேல் தூசியில் காரீயம்: வேலையை விட்டுவிடலாமா, டாக்டர்?

மதுரை தெற்கு ஆவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் ஜவுளி மொத்த வியாபார அலுவலகத்தில் கணக்கு எழுதும் 31 வயது வாசகி நீண்ட கடிதம் ஒன்று அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஒன்பது வருட வேலை. மொத்தம் பன்னிரண்டு பேர். கீழ்த்தளத்தில் நகைப் பட்டறை. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் இவருடைய தம்பி, கல்லூரி புராஜெக்டுக்காக அலுவலகத்து பீரோ மேலிருந்தும் ஏசி ஃபில்டரிலிருந்தும் தூசி எடுத்துப்போய் ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறார். ஒரு கிலோ தூசிக்குக் காரீயம் (லெட்) 286 மில்லிகிராம், காட்மியம் 9, குரோமியம் 74, செம்பு 310, துத்தநாகம் 940 என்று முடிவு வந்தது. குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று எங்கோ படித்த வாசகி, 286-ஐ 0.01-ஆல் வகுத்துவிட்டார். ‘எங்கள் தூசி 28,600 மடங்கு விஷம், டாக்டர்’ என்று எழுதுகிறார்.

ஆறு மாதமாக முடி கொட்டுகிறது, அசதி, வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. உடம்பின் நச்சை எல்லாம் வெளியேற்றும் என்று விளம்பரம் வந்த பொடி ஒன்றை வாங்கி ஒரு மாதமாகச் சாப்பிடுகிறார். இரண்டாவது குழந்தைக்கான எண்ணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஆட்களுக்கு ஆனது போல ஆகிவிடுமோ என்று பயம். முதலாளியிடம் சொன்னபோது, சித்திரைத் திருவிழா லீவில் சன்னல், கதவெல்லாம் சுரண்டிப் புது பெயிண்ட் அடித்துவிடலாம் என்றாராம். அதில் மட்டும் கொஞ்சம் நிம்மதி என்கிறார். போகிற போக்கில் இன்னும் இரண்டு வரி: சனிக்கிழமைகளில் நான்கு வயது மகனை அலுவலகத்துக்குக் கூட்டி வருவார், அவன் மேஜைக்கு அடியில் கார் ஓட்டி விளையாடுவான். காலையில் பெருக்குகிற அக்கா போனதும் மேஜையெல்லாம் மறுபடி தூசி படிந்துவிடும்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எண்களைப் பார்த்து நீங்கள் பயந்த அளவுக்கு நான் பயப்படவில்லை. கடைசியில் சாதாரணமாக எழுதிய அந்த இரண்டு வரியும், நிம்மதி தந்ததாகச் சொன்ன பெயிண்ட் விஷயமும்தான் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்தன. வரிசையாகச் சொல்கிறேன்.

28,600 மடங்கு என்ற கணக்கு

குடிநீருக்கான அந்த வரம்பு, தினமும் லிட்டர் கணக்கில் குடிக்கும் தண்ணீருக்கு வைத்தது. தூசியை யாரும் சொம்பில் மொண்டு குடிப்பதில்லை. கட்டடத்துக்குள் வேலை பார்க்கும் ஒரு பெரியவரின் வயிற்றுக்குள் கை வழியாகவும் வாய் வழியாகவும் ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் தூசி போகும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 500 மில்லிகிராம் பாரசிட்டமாலில் பத்தில் ஒரு பங்கு.

இனி நாம் வகுக்கலாம். உங்கள் தூசியில் ஒரு கிராமுக்கு 286 மைக்ரோகிராம் காரீயம். அப்படியானால் 50 மில்லிகிராமில் 14 மைக்ரோகிராம் சொச்சம். பெரியவர்களின் குடல் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். ஆக ஒன்றரை மைக்ரோகிராம்கூட இல்லை. தினமும் ஒரு மைக்ரோகிராம் உறிஞ்சினால் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 0.4 மைக்ரோகிராம் கூடும் என்பது அதே முகமையின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளையும் பண்டிகை நாட்களையும் கழித்துவிட்டால் இந்த அலுவலகத் தூசி உங்கள் ரத்தத்தில் கூட்டுவது சுமார் 0.5. ஒருவரின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி.

அப்படியானால் கவலையே வேண்டாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். காரீயத்துக்கு ‘இதுவரை பாதுகாப்பு’ என்று ஒரு கோடு கிடையாது என்று அதே நிறுவனம்தான் சொல்கிறது. நான் சொல்ல வருவது, இன்று மாலையே ராஜினாமா கடிதம் எழுத வேண்டிய அளவு இல்லை என்பதுதான்.

இன்னொன்று. நீங்கள் அதிகம் பயந்து சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருப்பது 940 என்ற துத்தநாகத்துக்கு. பட்டியலில் அதுதான் பெரிய எண், ஆனால் அந்த ஐந்தில் எனக்குக் கவலை குறைவானதும் அதுதான். டயர் தேய்மானத்திலும் தகரக் கூரையிலும் இருந்து வருவது, உடம்புக்கும் தினமும் கொஞ்சம் தேவைப்படுவது. குரோமியம் 74 என்பது சாதாரண மண்ணிலேயே இருக்கக்கூடிய அளவு. ஆபத்தான வகை ஆறு இணைதிறன் குரோமியம். உங்கள் ரிப்போர்ட் எல்லா வகையையும் சேர்த்த மொத்தத்தைத்தான் சொல்கிறது. நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட 9, அதாவது காட்மியம்தான் என் கண்ணில் பட்டது. சாதாரண மண்ணில் அது பெரும்பாலும் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டாது.

தம்பி நன்றாகத்தான் செய்திருக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் பீரோ மேலிருக்கும் தூசி பல வருடச் சேமிப்பு. அதை யாரும் தொடுவதில்லை. அடுத்த தடவை உங்கள் மேஜை, கீபோர்டு, உங்கள் நாற்காலியைச் சுற்றியுள்ள தரை ஆகிய இடங்களில் எடுக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் அமிலம் ஊற்றித் தூசியைக் கரைத்து எடுப்பது போல நம் வயிறு முழுவதையும் கரைப்பதில்லை என்பதையும் அவர் புராஜெக்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். நம் நாட்டில் அலுவலகத் தூசிக்கென்று தனி உலோக வரம்பு கிடையாது. அதனால்தான் கைக்குக் கிடைத்த குடிநீர் வரம்போடு ஒப்பிட்டுவிட்டீர்கள்.

இவை எங்கிருந்து வந்தன

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்பதெல்லாம் வெள்ளீயம். உங்கள் தூசியில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். ஆனால் வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்கிற ஆட்களும் உண்டு. உங்கள் வீட்டு ஈயச் சொம்பு எங்கே வாங்கியது, எவ்வளவு பழசு என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் புளி ரசத்தை அதில் வைக்காதீர்கள்.

காரீயத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் சன்னல்களைத்தான். ‘மஞ்சள் எனாமல் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து சன்னல் திண்டில் கிடக்கும்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் காரீயக் குரோமேட் என்ற நிறமி சேர்ப்பது வெகுகாலப் பழக்கம். வீட்டு பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல்தான் விதி போட்டார்கள், 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல்களில் ஆயிரக்கணக்கில்கூட இருந்ததுண்டு. உங்கள் சன்னலில் எத்தனை பொங்கலின் பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கிறதோ, யார் கண்டார்?

இரண்டாவது, படிக்கட்டுக்கு அடியில் இருப்பதாக நீங்கள் எழுதிய யூபிஎஸ் பேட்டரி. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்து நிற்குமே ஒரு பொடி, அதில் காரீய உப்பும் கலந்திருக்கும். பழைய துணியால் துடைத்து அதே துணியால் மேஜையையும் துடைக்கும் பையன் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். மூன்றாவது, சாலைத் தூசி. நம் நாட்டில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டோடு நின்றது, ஆனால் அந்தக் காலத்தில் படிந்தது மண்ணை விட்டு எங்கும் போகவில்லை.

காட்மியத்துக்குத் தூரம் போக வேண்டாம், கீழே இருக்கும் பட்டறை போதும். ‘கேடிஎம்’ நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயரே காட்மியத்தைத்தான் குறிக்கிறது. பொடிப்பற்று வைக்கும்போது, அதாவது நகைத் துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைக்கும்போது, தங்கத்தோடு காட்மியத்தைக் கலந்து ஊதுவார்கள். காட்மியம் 321 டிகிரியில் உருகி, 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழலின் சூடு அதைவிட அதிகம். அந்தப் புகை குளிர்ந்து நுண்ணிய தூளாகப் படிகிறது. ஹால்மார்க் வந்த பிறகு இந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. இருந்தாலும் பழைய தூசி எங்கே போகும்? வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவில் பட்டறைத் தூசிக்கு விலை உண்டு. கூட்டி, அரித்து, தங்கம் பிரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிப் போவார்கள். உங்கள் மாடிக்கு ஏறி வந்ததை மட்டும் யாரும் வாங்க வரவில்லை.

அளவு என்று பார்த்தால், தூசி வழியாக உங்கள் வயிற்றுக்குப் போகும் காட்மியம் நாளுக்கு அரை மைக்ரோகிராம்கூட வராது. உணவு வழியாக உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை மாதத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50. அதில் நூற்றில் ஒரு பங்கு. ஆனால் மூச்சில் போகும் புகை வேறு கதை. அது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் பட்டியலில் இருக்கிறது, சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் பத்து, இருபது வருடம் கிளம்பாது. ‘பதினோரு மணி வாக்கில் கீழே ஊத ஆரம்பித்தால் சன்னல் வழியாக நெடி வரும்’ என்கிறீர்களே, அந்தச் சன்னலை அந்த நேரத்தில் சாத்துங்கள், எதிர்ப்பக்கத்துச் சன்னலைத் திறங்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று எழுதவில்லை. தொழிலில் காட்மியம் படாத ஒருவர் உடம்பில் அது சேர்வதற்குச் சிகரெட் பெரிய வழி.

கொடைக்கானலைப் பற்றிக் கேட்டீர்கள். 2001-ல் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் பாதரசத்தையே கையாண்டார்கள். பாதரசம் அறையின் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி மூச்சில் ஏறும். உங்கள் நிலைமையை அதோடு ஒப்பிட இடமில்லை. பழைய டியூப் லைட் உடைந்தால் மட்டும் கவனம்: துடைப்பத்தால் பெருக்காமல், சன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே இருங்கள். அப்புறம் கெட்டி அட்டையால் வழித்து, மிச்சத்தை ஒட்டு டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

பெயிண்டைச் சுரண்ட விடாதீர்கள்

முதலாளி நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே ஆபத்தானது இதுதான். இன்று அந்தக் காரீயம் சன்னலில் ஒட்டிக்கொண்டு, உதிர்கிறபோது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பெயிண்டர் வந்து காய்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தால், பல வருடத்துக்கு உதிர வேண்டியது ஒரே நாளில் தூளாகி அறை முழுக்கப் படியும். ஊதுவிளக்கு வைத்துக் கருக்கி எடுத்தால் இன்னும் மோசம். லீவு முடிந்து, புது பெயிண்ட் வாசனையில், சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு நீங்கள் எல்லோரும் போய் உட்காருவீர்கள்.

செய்ய வேண்டியது இது. உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தில் பழைய பெயிண்டைத் தொடாமல் அதன் மேலேயே புதிதை அடிக்கட்டும். உதிர்கிற இடத்தை மட்டும், தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு சுரண்டட்டும். கீழே தார்ப்பாயோ பாலித்தீன் விரிப்போ போட்டு, சுரண்டியதை அப்படியே சுருட்டி மூட்டை கட்ட வேண்டும். மேஜை, கம்ப்யூட்டர், பில் கட்டுகளை மூடிவைக்க வேண்டும். முடிந்ததும் ஈரத் துணியால் இரண்டு சுற்றுத் துடைக்க வேண்டும். பெயிண்டருக்கு நல்ல முகக்கவசம் அவசியம், வாயில் கர்ச்சீப் கட்டிக்கொள்வது போதாது. காரீயம் சேர்க்காதது என்று டப்பாவில் போட்ட பெயிண்டாக வாங்கச் சொல்லுங்கள். அந்த வேலை நடக்கும் நாட்களில் நீங்களும் பையனும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மேஜைக்கு அடியில் விளையாடும் பையன்

உங்களை முன்னிட்டுக் கேள்வி கேட்டீர்கள். நான் அவனைப் பற்றிப் பதில் சொல்கிறேன். நீங்கள் உறிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு என்றேன். நான்கு வயதுக் குழந்தையின் குடல் பாதி வரைக்கும் உறிஞ்சும். அவன் தரையில் கார் ஓட்டுகிறான், அதே கையால் முறுக்கு சாப்பிடுகிறான், காரின் சக்கரத்தைக் கடித்தும் பார்ப்பான். வளரும் மூளைக்குக் காரீயம் செய்வது பெரியவர்களுக்குச் செய்வதைவிட அதிகம், அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. வாரத்தில் அரை நாள்தான், பெரிய பாதிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமைக்கு அம்மாச்சி வீடோ பக்கத்து வீடோ வேறு ஏற்பாடு பாருங்கள். வேறு வழியே இல்லாத வாரத்தில், அவனுக்கு ஒரு பாய் கொண்டுவந்து விரியுங்கள், அதன் மேல் மட்டும் விளையாடட்டும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அந்தக் காரையும்.

வாய்க்குப் போகும் வழி

ஒன்பது வருடமாகப் பில் கட்டு புரட்டுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள்: விரலை நாக்கில் தொட்டுத்தானே புரட்டுகிறீர்கள்? கணக்கு எழுதும் ஒவ்வொருவரும் செய்வது. மேஜைத் தூசியில் விரல், விரலில் இருந்து நாக்கு, மறுபடி அடுத்த தாள். ஒரு நாளில் நூறு தடவை. ரூபாய் நோட்டு எண்ணும்போதும் இதேதான். ஸ்டேஷனரிக் கடையில் ஸ்பாஞ்சு வைத்த சின்ன டப்பி விற்கும், தண்ணீர் ஊற்றி மேஜையில் வையுங்கள். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. விலை உயர்ந்த காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மிதக்கும் தூசியைப் பிடிக்கும், மேஜையில் படிந்து விரலில் ஒட்டுவதை ஒன்றும் செய்யாது. நான் என்றால் முதலில் ஸ்பாஞ்சு டப்பிதான் வாங்குவேன்.

மேஜையில் உட்கார்ந்தே மதியச் சாப்பாடு வேண்டாம். மொட்டை மாடியோ வராந்தாவோ போய், கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். நாலு மணி வடை செய்தித்தாளில் மடித்து வருகிறதென்றால், கடைக்காரரிடம் வாழை இலையில் தரச் சொல்லுங்கள். அச்சு மையில் காரீயம் இருக்கலாம் என்பதால்தான் செய்தித்தாளில் பொட்டலம் கட்ட வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்புத் துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே போவது நம் ஊர்ப் பழக்கம்தானே, அதை அலுவலகத்திலும் வையுங்கள்.

அப்புறம் பெருக்குவது. காய்ந்த தரையில் பூந்துடைப்பம் போட்டால் தரைத் தூசி எழுந்து மேஜைக்குக் குடிவருகிறது. நீங்கள் பார்ப்பது அதைத்தான். ஈர மாப், ஈரத் துணி, மேலிருந்து கீழே என்ற வரிசை, வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுவது. இவ்வளவு போதும். ஏசி ஃபில்டரை அறைக்குள் தட்டாமல் கழற்றிக் குழாயடியில் கழுவச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பு, உங்கள் ரத்தம்

முடி கொட்டுவது, அசதி, கை மரத்துப்போவது. இவை காரீயத்தால் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 31 வயதுப் பெண்ணுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நான் பார்ப்பது ரத்தசோகை, இரும்புச் சேமிப்பு, தைராய்டு, பி12. வலது கை விரல்கள் மட்டும் என்பது நாள் முழுக்க மவுஸ் பிடிக்கும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாகவும் இருக்கலாம், ராத்திரியில் அதிகமாகிறதா என்று கவனியுங்கள். காரீயத்தின் வழக்கமான அறிகுறிகள் வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், ரத்தசோகை, ரத்த அழுத்தம்.

ரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்வதே காரீயத்துக்கும் பாதி மருந்து. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தையும் காட்மியத்தையும் ஆசையாக இழுத்துக்கொள்ளும். வெறும் வயிற்றிலும் காரீயம் அதிகம் ஏறும். காலையில் காபியோடு கிளம்பி வந்து பதினோரு மணிக்கு டீ என்று ஓட்டுபவராக இருந்தால் அதை மாற்றுங்கள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள், நெத்திலிக் கருவாடு, பால், மோர். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்பு ஏறாது, ஒரு மணி நேரம் போகட்டும்.

ரத்தத்தில் காரீய அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், உங்களுக்கும் பையனுக்கும். கைநரம்பில் எடுக்கும் முழு ரத்தத்தில் பார்க்க வேண்டும். முடியை வெட்டி அனுப்பிப் பார்க்கும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள், முடியில் வெளியே ஒட்டிய தூசியையும் அது கணக்கில் சேர்த்துவிடும். பெரிய லேப்களில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள், சில நாள் ஆகும். சிறுநீரில் காட்மியமும் சேர்த்துப் பார்க்கலாம். காரீயம் 5-க்குக் கீழே வந்தால், மேலே சொன்ன பழக்கங்களோடு குழந்தைக்கான திட்டத்தைத் தொடரலாம். 5-க்கு மேல் என்றால் சில மாதம் காத்திருங்கள். வரும் வழியை அடைத்துவிட்டால் ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகும். எலும்பில் தங்கியது மட்டும் வருடக்கணக்கில் இருக்கும், கர்ப்பகாலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும்போது அதுவும் கூடவே வெளியே வரும். அதனால்தான் இந்தச் சோதனையைக் கர்ப்பத்துக்கு முன்பே செய்யச் சொல்கிறேன்.

அந்தப் பொடியை இன்றே நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாமல், உங்கள் மருத்துவரிடம் காட்ட வைத்துக்கொள்ளுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடிகளிலும், சரியாகத் தயாரிக்காத சில பற்பம், செந்தூரங்களிலும் காரீயமும் பாதரசமும் இருந்து, அதனாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு. நச்சை எடுக்கப்போய் நச்சைச் சாப்பிட்ட கதையாகிவிடும். உடம்பிலிருந்து காரீயத்தை இழுக்கும் உண்மையான மருந்துகள் இருக்கின்றன, ஆனால் அவை குழந்தைகளுக்கு ரத்த அளவு 45 போல ஏறும்போதுதான் பேச்சுக்கு வரும், அதுவும் ஆஸ்பத்திரியில்.

பையனுக்குத் தொடர் வாந்தி, விடாத வயிற்றுவலி, சுருண்டு படுப்பது, வலிப்பு என்று ஏதாவது வந்தால் மட்டும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலையை விடுவதா?

இப்போதைக்கு வேண்டாம். ரத்தப் பரிசோதனை வரட்டும். சம்பளம் நின்றால் அதனால் வரும் பாதிப்பும் ஒரு பாதிப்புதான், வாடகையும் பள்ளிக் கட்டணமும் எந்த ஆய்வகத்திலும் பதிவாகாது. கர்ப்பமானால், பட்டறைப் பக்கத்துச் சன்னலிலிருந்து தள்ளி இடம் கேளுங்கள், கணக்கு வேலைதானே, சில நாட்கள் வீட்டிலிருந்து செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்பதால் இரண்டாவது குழந்தைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உங்கள் உரிமை. அந்த விடுப்பைக் காரணம் காட்டி யாரும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது. பயத்தில் முன்கூட்டியே ராஜினாமா செய்தால் இழப்பது அதைத்தான்.

அலுவலகம் சுத்தமாகவும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும் என்பது முதலாளி மனசு வைத்துச் செய்யும் உதவி அல்ல, 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்கக் கூடாது, இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் திருத்தினார்களே, அந்தச் சட்டம்தான். ஆனால் முதலில் சட்டத்தைக் காட்ட வேண்டாம். உங்கள் முதலாளி பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று தானாகச் சொன்ன ஆள். மாப், ஸ்பாஞ்சு டப்பி, பெயிண்ட் முறை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காது கொடுக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளர் இருக்கிறார்.

பட்டறை விஷயத்திலும் அப்படியே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அது கடைசிப் படி. அதற்கு முன் கீழே இறங்கிப் போய்ப் பேசுங்கள். உங்களுக்கு மாடியில் நெடி வருகிறது என்றால், ஊதுகுழலுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருப்பவருக்கு எவ்வளவு போகும்? காலையில் ஊதிவிட்டு ராத்திரி காய்ச்சலும் மூச்சுமுட்டலுமாகக் கிடந்து, சளிக்காய்ச்சல் என்று கஷாயம் குடிப்பவர்கள் அந்தத் தொழிலில் உண்டு. புகைபோக்கியைக் கூரைக்கு மேலே ஏற்றினால் உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. அந்த வாக்கியத்தோடு பேச்சை ஆரம்பியுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், பையனுடையதையும் சேர்த்து. அந்தக் கட்டடத்தில் எல்லோரையும்விடத் தூசியை அதிகம் விழுங்குபவர் காலையில் பெருக்கும் அக்காதான். அவருக்கும் அதே ரத்தப் பரிசோதனையை முதலாளி செலவில் செய்யச் சொல்லுங்கள், முகக்கவசமும் மாப்பும் அவர் கைக்குப் போகட்டும். அவருக்கு என்ன வயது, எத்தனை வருடமாக அங்கே பெருக்குகிறார் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.